ஏறும் வேகம்

கம்பளி விற்கப் போன அன்று
கோயைக்கே நகரத்துக் கடையில்
மூன்று தாள்களைப் பரப்பினான் பையன்.
மூன்றிலும் கொட்டை எழுத்தில்
இறங்கும் வேகம்.
ஏறும் வேகம் எவ்வளவு என்றேன்.
படம்தானே பார்க்கப்போகிறீர்கள்,
அது எதற்கு என்றான்.

படம் பார்க்க இல்லை, தம்பி.
என் மனைவி எடெல்மிரா கையால் பேசுகிறவள்.
அவள் தங்கை இர்மா, வால்டிவியாவில்.
அவளுக்கும் காது அப்படித்தான்.
ஒன்பது வருஷம்
கடிதத்திலேயே ஓட்டிவிட்டார்கள்.
கடிதத்தில் புருவம் ஏறாது.
'வா' என்று எழுதலாம்.
வராவிட்டால் இருக்கிறது உனக்கு என்கிற
அந்த 'வா'வை எழுத முடியாது.

முதலில் காசில்லாததைப் பார்த்தோம்.
ஆற்றுக்கு அக்கரையில் பௌதிலியோ வீட்டில்
ஏற்கெனவே ஓர் இணைப்பு.
அலையாய் அனுப்புகிறேன்,
மாதம் ஓர் ஆட்டுத்தொடை போதும் என்றார்.
தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாதுதான்.
பார்த்தேன்.
பத்து மணிக்கு அவர் ஜெனரேட்டரை நிறுத்தினால்
இர்மாவும் அணைந்துபோகிறாள்.
அதற்கு முன்னாலும்
விரல்கள் பிசைந்த மாவாக வந்தன.
ஒரு கை பாதி வானத்தில் உறைந்து நிற்க
மறு கை சொல்லை முடித்துவிட்டுப் போயிருந்தது.
எனக்கு அது கெட்டுப்போன படம்.
எடெல்மிராவுக்கு
யாரோ பாதி மென்று துப்பிய பேச்சு.

அப்புறம் செல்போன் கோபுரம்.
மூங்கில்கழி நுனியில் போனைக் கட்டிக்கொண்டு
மலைமுகட்டில் ஒரு பகல் முழுக்க நடந்தேன்.
ஆடுகள் என்னைப் பார்த்த பார்வையை
யாரிடமும் சொல்லவில்லை.
உச்சிப் பாறையில் இரண்டு கோடு.
கழி ஆடினால் ஒன்று.
இந்த ஊரில் கழி ஆடாத நாள்
வருஷத்தில் ஐந்தோ ஆறோ.

மிஞ்சியது வானத்துத் தட்டு.
விலை: பதினோரு பெட்டையாடுகள்.
அது போகட்டும். மின்சாரம்?
ஜூனில் சூரியன் பத்து மணிக்கு வந்து
நாலு மணிக்குக் கிளம்பிவிடும், அரசாங்க ஆபீசர் மாதிரி.
இருக்கிற பேட்டரிக்கு
ஃபிரிட்ஜ் ஓடும், அல்லது தட்டு ஓடும்.
நான் தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
அவள் எழுந்து போய்
ஃபிரிட்ஜிலிருந்த இறைச்சியை எடுத்து
வெளியே கம்பிக்கூட்டில் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினாள்.
வெளியே மைனஸ் ஆறு.
கணக்கு முடிந்தது.

தட்டு வந்த பிறகுதான் மரம் குறுக்கே நின்றது.
போனை உயர்த்தி வானத்தைக் காட்டினால்
வாசல் லெங்கா மரம் இருக்கும் இடமெல்லாம் சிவப்பு.
மணிக்கட்டில் உள்ளங்கை விளிம்பால்
ஒரே போடு போட்டுக் காட்டினாள்: வெட்டு.
இரக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது.
ரம்பத்தைக் கிளப்பினேன்.
நிறுத்தினேன்.
குதிரையை வேறெங்கே கட்டுவது என்று
சாக்குச் சொன்னேன்.
அவள் சிரித்தாள். குதிரை செத்து மூன்று வருஷம்.

கடைசியில் ஆட்டுக்கொட்டகைக் கூரைதான் அமைந்தது.
பெட்டியோடு வந்த வயர் வீடுவரை எட்டவில்லை.
எட்டின இடத்தில் நாற்காலியைப் போட்டாள்,
தீவன மூட்டை மேல் திரையை நிறுத்தினாள்.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு
பார்த்ததும் அழுவார்கள் என்று நினைத்தேன்.
நாலு நிமிஷம்.
அதற்குள் அம்மாவின் தையல் மிஷினை
யார் எடுத்துக்கொண்டு போனது என்று தொடங்கிவிட்டது.
இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கைகள்.
முழங்கை வரைக்கும் கோபம்.
ஒரு விரல் கூடச் சிதறவில்லை.

நொடிக்கு எத்தனை மெகாபிட் என்று
பௌதிலியோ கேட்டார்.
இரண்டு அக்கா தங்கை
விட்டுக்கொடுக்காமல் சண்டை போடும் அளவு என்றேன்.

இருட்டும் நேரம்
சுடச்சுட மாத்தே எடுத்துப்போய் நின்றேன்.
இவள் திரும்பவில்லை.
சினை ஆடு ஒன்று தாளைத் தின்றுகொண்டிருந்தது.
திரையிலிருந்து இர்மாதான் என்னைக் கவனித்தாள்.
'உன் ஆள் நடுவில் நிற்கிறான்,
தள்ளிப்போகச் சொல்.'

தெளிவாகவே வந்தது.
தள்ளி நின்றேன்.